பட்டிமன்றம் அண்ணனும் படுத்துவிட்ட சர்வரும்

பட்டிமன்றம் அண்ணன் ஒரு முடிவெடுக்க எடுத்துக்கொண்ட நேரத்தில், மதுரையில் மற்றவர்கள் வீடு கட்டிக் குடிபோயிருக்கிறார்கள். நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை. எங்கள் அலுவலகத்துக்கு எதிரே இருந்த காலிமனையில் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிய அன்றுதான் அவர் தனக்குப் புதுச் செருப்பு வாங்க வேண்டும் என்று அறிவித்தார். தோலா, ரப்பரா என்ற வாதம் முடிவதற்குள் அந்த மனையில் மாடியும் எழும்பிக் கிரகப்பிரவேசமும் வந்துவிட்டது. அந்த விருந்துக்குப் பழைய செருப்பில் ஊக்கு குத்திக்கொண்டு வந்து, சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இல்லாமலா இருக்கும்? இருந்தது. மளிகைக்கடை அட்டையிலும் வாக்காளர் பட்டியலிலும் அது பத்திரமாக இருந்தது. எங்களுக்கு அவர் பட்டிமன்றம். டீக்கடைக்காரருக்கும் பட்டிமன்றம். ஒருமுறை அவருடைய அம்மாவே அலுவலகத்துக்கு போன் செய்து, "பட்டிமன்றம் இருக்காப்லயா?" என்று கேட்டார்.

அலுவலகம் காளவாசல் சந்திப்பிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. இணையதளம் செய்துகொடுக்கும் கம்பெனி. எங்கள் முதலாளி டி. கல்லுப்பட்டிப் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பிள்ளை. ஜெராக்ஸ் கடை வைத்தார், அப்புறம் பிரவுசிங் சென்டர் வைத்தார், அதற்கப்புறம் ஒருநாள், "இனிமே எல்லாம் இன்டர்நெட்டுதான் தாயி" என்று என்னிடம் சொல்லிவிட்டு இந்தக் கம்பெனியை ஆரம்பித்தார். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருடங்கள் அவை. நான் பக்கங்களை வடிவமைப்பவள். நான் செய்த பக்கம் உலகத்துக்கெல்லாம் தெரியும்படி பார்த்துக்கொள்பவர் பட்டிமன்றம். கணக்கு எழுத ஓர் அக்கா வருவார். அவ்வளவுதான் கம்பெனி.

'சர்வர்' என்றால் அப்போது மதுரையில் ஒரே அர்த்தம். தோளில் துண்டும் கையில் சாம்பார் வாளியுமாக வருபவர். எங்கள் சர்வர் அமெரிக்காவில் ஏதோ ஓர் அறையில் வாடகைக்கு எடுத்திருந்த கம்ப்யூட்டர். இருப்பதிலேயே மலிவாகப் பார்த்து முதலாளி எடுத்தது. பட்டிமன்றம் அதைப் பார்த்ததுகூட இல்லை. காளவாசலில் உட்கார்ந்து, தட்டச்சு செய்தே அதை மேய்த்துக்கொண்டிருந்தார்.

அவருடைய வாதங்கள் நடக்கும் விதத்தைச் சொல்லியாக வேண்டும். அவர் முனிச்சாலைப் பக்கத்துச் சௌராஷ்டிரா வீட்டுக்காரர். வீட்டுக்குள் ஒரு மொழி, வாசலைத் தாண்டினால் ஒரு மொழி என்று வளர்ந்தவர். ஒரு விஷயத்துக்கு இரண்டு பக்கம் என்றால், ஒரு பக்கத்தைத் தமிழில் பேசுவார், எதிர்ப்பக்கத்தைச் சௌராஷ்டிரத்தில் பேசுவார். தலையை இந்தப் பக்கம் சாய்த்து ஒன்று, அந்தப் பக்கம் சாய்த்து இன்னொன்று. இரண்டு தரப்பும் பேசி முடித்தபின் தலையை நேராக நிமிர்த்தி, தீர்ப்பை ஆங்கிலத்தில் சொல்வார். பெரும்பாலும் அந்தத் தீர்ப்பு, "போஸ்ட்போன்டு."

டீக்கடையில் வடையா பஜ்ஜியா என்று நின்றபடியே தமிழும் சௌராஷ்டிரமும் மாறி மாறி ஓடும். கடைக்காரர் இரண்டு தட்டையும் எடுத்து வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். பெரியார் நிலையத்துக்குப் போகக் கூட்டமான பஸ்ஸில் ஏறுவதா, அடுத்ததற்குக் காத்திருப்பதா என்று வாதாடி, இரண்டு பஸ்ஸையும் விட்டுவிட்டு நடந்தே போவார். பெண் பார்க்கப் போன இடத்தில், "கொஞ்சம் யோசிச்சுச் சொல்றோம்" என்று சொல்லிவிட்டு வந்தாராம். யோசித்து முடிப்பதற்குள் அந்தப் பெண்ணின் குழந்தைக்குக் காது குத்துப் பத்திரிகை வந்துவிட்டது என்று கணக்கு அக்கா சொல்வார். அது மட்டும் பொய் என்று நினைக்கிறேன்.

ஆனால் அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. இரண்டுமே நல்லதுதான் என்று சொல்லி நழுவுவது அவருக்குக் கட்டோடு ஆகாது. "ரெண்டு பக்கமும் சரினு சொல்ற நடுவரு மைக்கப் பிடிக்க வந்த ஆளும்மா. ஒண்ணத்தான் சொல்லணும். சொல்ல முடியாட்டி சும்மா இருக்கணும்" என்பார். அந்தக் கொள்கையின்படி, பெரும்பாலும் சும்மா இருந்தார்.

இப்படிப்பட்டவர் கையில்தான் ஒரு கல்யாணம் வந்து சேர்ந்தது.

கோரிப்பாளையத்தில் பெட்டி, சூட்கேஸ் கடை வைத்திருந்த பாய் ஒருவர் ஒரு நாள் மாடியேறி வந்தார். அவருடைய அண்ணன் மகள் ரிஸ்வானாவுக்கு நிக்காஹ். அந்த அண்ணன் வளைகுடாவில் டிரைவர் வேலையில் இருந்தார். கல்யாணத்துக்கு வர லீவு கேட்டு, கிடைக்கும் என்று கடைசிவரை நம்பியிருந்தார். கடைசியில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

"தேதியத் தள்ளிப் போட மாப்பிள்ளை வீட்ல தோது இல்ல. எங்க அண்ணன், 'நீ தகப்பன் ஸ்தானத்துல நின்னு முடிச்சுருடா'ன்னுட்டாரு" என்றார் பாய். "நான் நின்னுருவேன். ஆனா அந்தப் புள்ள அழுதுக்கிட்டே இருக்கு. 'அத்தா பாக்காம என்ன கல்யாணம் சாச்சா'ங்குது. இன்டர்நெட்ல போட்டா அங்கன பாக்கலாம்னு சொன்னாக. முடியுமா?"

வீடியோவெல்லாம் அப்போது நினைத்துப் பார்க்க முடியாது. ஆனால் படம் எடுக்க எடுக்க, சில நிமிடங்களில் பக்கத்தில் ஏற்றிவிடலாம். அவர் அங்கே ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தால், மண்டபத்தில் நடப்பதை வரிசையாகப் பார்த்துவிடலாம். முதலாளி சம்மதித்த வேகத்தில் நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது.

அழைப்பிதழ் வந்தபோதுதான் எங்களுக்கு நிலைமை புரிந்தது. மணமக்கள் பெயருக்கு நிகரான எழுத்தில் இணைய முகவரியைப் போட்டு, 'நேரில் வர இயலாதோர் இணையத்தில் கண்டு துஆ செய்யவும்' என்று அச்சடித்திருந்தார் பாய்.

"எம்புட்டுப் பேருக்கு அனுப்பிருக்கீங்க பாய்?" என்று கேட்டார் பட்டிமன்றம்.

"எல்லாருக்கும்தான் தம்பி. குவைத்து, தம்மாம், சிங்கப்பூரு, மலேசியா. நம்ம சொந்தத்துல பாதி வெளியூர்லதான கெடக்கு."

அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஒரே பக்கத்தைத் திறப்பார்கள். எங்களிடம் இருப்பதோ முதலாளி பார்த்துப் பார்த்து எடுத்த மலிவுக் கம்ப்யூட்டர். அது தாங்குமா என்பது, அதற்குள் உட்கார்ந்து, கேட்பவர்களுக்கெல்லாம் பக்கத்தை எடுத்துக் கொடுக்கிற மென்பொருளைப் பொறுத்தது. அப்படி இரண்டு மென்பொருள்கள் அண்ணன் முன்னால் நின்றன. ஒன்று, நாங்கள் ஆதியிலிருந்து வைத்திருந்த அப்பாச்சி. இன்னொன்று, அப்போதுதான் பேர் வாங்கிக்கொண்டிருந்த லைட்டி. இரண்டுமே இலவசம். உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டிருந்தவை. அதுதான் வம்பாகப் போனது. காசு கொடுத்து வாங்குவதாக இருந்தால், முதலாளி விலை குறைந்ததைச் சொல்லி அன்றைக்கே முடித்திருப்பார்.

எனக்கு வித்தியாசம் புரியவில்லை என்றேன். அண்ணன் நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"கல்யாணப் பந்தின்னு வச்சுக்கம்மா. அப்பாச்சி என்ன செய்யும்னா, ஒவ்வொரு எலைக்கும் ஒரு பரிமாறுற ஆளப் போடும். உக்காந்தவரு சாப்ட்டு எந்திரிக்கிற வரைக்கும் அந்த ஆளு அங்கனயே நிப்பாரு. கவனிப்பு பிரமாதம். ஆனா நம்ம மண்டபம் சின்னது. வெளிநாட்ல போன் லைன்ல நெட்டு வச்சிருக்கவுக, ஒரு படத்த மெதுவா மென்னு மென்னு இறக்குவாக. அம்புட்டுப் பேரு பக்கத்துலயும் ஆளு நின்னா, நிக்கவே எடம் இருக்காது."

"சரி, லைட்டி?"

"ஒரே ஆளு. வாளியத் தூக்கிக்கிட்டு வரிசை பூரா ஓடிக்கிட்டே இருப்பான். எவன் எலை காலியோ அவனுக்கு ஊத்திட்டு அடுத்த எலைக்குப் போயிருவான். எடமே அடைக்க மாட்டான்."

"அப்புறம் என்னண்ணே, லைட்டியையே போட்டுருங்க."

அவர் முகத்தில், எதிரணிப் பேச்சாளர் மேடையேறும்போது தெரிகிற வெளிச்சம் வந்தது. "அங்கதாம்மா இருக்கு. அந்த ஒரு ஆளு எனக்குப் பழக்கமில்ல. நட்டநடுவுல கால் இடறுனான்னா யாருகிட்டப் போய்க் கேப்பேன்? அப்பாச்சின்னா எனக்கு நாடி பிடிச்சுப் பாக்கத் தெரியும்" என்றவர், தலையை அடுத்த பக்கம் சாய்த்துச் சௌராஷ்டிரத்தில் இறங்கிவிட்டார்.

அந்த வாரம் முழுக்கத் தமிழ் அப்பாச்சிக்கும் சௌராஷ்டிரம் லைட்டிக்கும் வாதாடின. எனக்குச் சௌராஷ்டிரம் ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனாலும், காதில் விழுகிற மொழியை வைத்தே யார் கை ஓங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். முதலாளி காலையில் உள்ளே நுழையும்போதே, "இன்னைக்கி யாரு தாயி லீடிங்கு?" என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார்.

வாதம் வெறும் வாயோடு நிற்கவில்லை. இரண்டையும் அந்தக் கம்ப்யூட்டரில் பொருத்தி, மாற்றி மாற்றி ஓடவிட்டுப் பார்த்தார். முதலாளியின் பழைய பிரவுசிங் சென்டருக்குப் போய், உட்கார்ந்திருந்தவர்களையெல்லாம் ஒரே நேரத்தில் எங்கள் பக்கத்தைத் திறக்கச் சொன்னார். வேலைக்கு விண்ணப்பம் போட வந்தவர், ஜாதகம் பார்க்க வந்தவர், காதலிக்குக் கடிதம் எழுத வந்தவர் எல்லோரும் ரிஸ்வானாவின் கல்யாணப் பக்கத்தைத் திறந்து திறந்து மூடினார்கள். அதில் அப்பாச்சி ஜெயித்தது. மறுநாள் வேண்டுமென்றே இணைப்பை மெதுவாக்கிப் பார்த்தார். லைட்டி ஜெயித்தது. அண்ணன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

கடைசியில், அலுவலகத்திலேயே பட்டிமன்றம் வைத்துவிட்டார். 'இணையக் கல்யாணத்தைச் சிறப்பிப்பது பழமையின் பொறுமையா, புதுமையின் வேகமா?' என்பது தலைப்பு. நடுவர் அவரே. அப்பாச்சி அணிக்கு முதலாளி, லைட்டி அணிக்கு நான். கணக்கு அக்கா பார்வையாளர்.

முதலாளிக்கு அப்பாச்சி என்றால் என்னவென்றே தெரியாது. ஆனால் மைக்குக்குப் பதிலாக ஸ்டேப்ளரைக் கையில் கொடுத்ததும் மனிதருக்கு ஆவேசம் வந்துவிட்டது. "நடுவர் அவர்களே! பேரைக் கேளுங்க. அப்பாச்சி! நம்ம அம்மாச்சிக்கு அக்கா மாதிரி இருக்கு! வீட்ல ஒரு விசேஷம்னா பெரியவுகள முன்னால நிறுத்துவோமா, இல்ல நேத்துப் பொறந்த பயல நிறுத்துவோமா?" அக்கா விடாமல் கை தட்டினார். நான் எழுந்து, ஒரே ஆள் வரிசை பூரா ஓடுவதைப் பற்றிக் கொஞ்சம் உருக்கமாகவே பேசினேன். அதற்கும் அக்கா கை தட்டினார்.

நடுவர் எழுந்தார். தொண்டையைச் செருமினார். "போஸ்ட்போன்டு."

முதலாளி ஸ்டேப்ளரை மேஜையில் போட்டார். "யோவ், கல்யாணத்தப் போஸ்ட்போன்டு பண்ண முடியாதுய்யா!"

நிக்காஹுக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் தீர்ப்பு வந்தது. இரண்டு மொழியும் ஓய்ந்தன. அப்புறம் தலையை நேராக்கி, "அப்பாச்சி. ஃபைனல்" என்றார். முகம் ஒரு சுற்று இளைத்திருந்தது. நான் காரணம் கேட்டேன்.

"ஒரு மனுசன் மகளப் பாக்க உக்காந்திருப்பாரும்மா. எனக்குப் பழக்கமானவன்கிட்ட ஒப்படைச்சாத்தான் எனக்குச் சோறு இறங்கும்" என்றார்.

மறுநாள் காலை கோரிப்பாளையத்து மண்டபம். ஒரு கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போயிருந்தோம். போன் இணைப்பு இருந்தது மளிகைச் சாமான் வைக்கிற அறையில் மட்டும்தான். ஆகவே வெங்காய மூட்டைகளுக்கும் அரிசி மூட்டைகளுக்கும் நடுவே அண்ணனுக்கு இடம் போட்டார்கள். பக்கத்திலேயே சமையல்கட்டு. பிரியாணி வாசனையில் விரல்கள் தடுமாறுவதாக அவர் புகார் செய்தார்.

பெண்கள் பகுதிக்குள் ஆண் போட்டோகிராபர் வரக்கூடாது என்று ரிஸ்வானாவின் அம்மா சொல்லிவிட்டதால், கம்பெனி கேமராவோடு நான்தான் அங்கே. படம் எடுப்பேன், ஓடிவந்து அண்ணனிடம் கொடுப்பேன், அவர் ஏற்றுவார். மருதாணிக் கை ஏறியது. மாப்பிள்ளை காரில் வந்து இறங்கியது ஏறியது. வளைகுடாவிலிருந்து ரிஸ்வானாவின் அத்தா முதலாளியின் செல்போனில் கூப்பிட்டு, "எல்லாம் தெளிவா தெரியுதுங்க" என்றார். முதலாளி எங்களைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.

நிக்காஹ் நேரம் நெருங்க நெருங்க, அழைப்பிதழ் போன ஊர்களிலெல்லாம் சொந்தக்காரர்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார ஆரம்பித்தார்கள். போதாததற்கு, அந்தப் பக்கத்தில் முதலாளி ஆசைப்பட்டுப் போடச் சொன்ன சங்கதிகள் வேறு. மவுஸ் போகிற இடமெல்லாம் நட்சத்திரம் உதிரும், பின்னணியில் ஷெனாய் ஒலிக்கும்.

நிக்காஹ் ஓதிவைக்கும் ஹஜ்ரத் வந்து மேடையில் உட்கார்ந்தார். மறுபடியும் செல்போன் அடித்தது. முதலாளி பந்தி பார்க்கப் போயிருந்ததால் போன் என்னிடம் இருந்தது.

"பாப்பா, நான் ரிஸ்வானாவோட அத்தா பேசுறேன். இங்கன வெள்ளையா இருக்கும்மா. ஒண்ணும் தெரியல. நான் எதும் தப்பா அமுக்கிட்டனா?"

நான் மளிகை அறைக்கு ஓடினேன். அண்ணனுக்கு முன்பே தெரிந்திருந்தது. முகமெல்லாம் வேர்வை. மெதுவான இணைப்பில் உலகமெங்கும் உட்கார்ந்திருந்த அத்தனை பேர் பக்கத்திலும் ஓர் ஆள் நின்று, எங்கள் சின்ன மண்டபம் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. அப்பாச்சியைக் குற்றம் சொல்ல முடியாது. பெரிய கம்ப்யூட்டரில் எத்தனையோ கூட்டத்தைக் கட்டி மேய்க்கிற மென்பொருள் அது. நாங்கள்தான் அதைத் தீப்பெட்டிக்குள் குடிவைத்திருந்தோம்.

வாசலில் பாய் எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி?"

"சர்வர் படுத்துருச்சு பாய்" என்றார் அண்ணன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பாய் மேடைக்கு ஓடினார். "ஹஜ்ரத், அஞ்சு நிமிசம் பொறுக்கணும். சர்வர் படுத்துருச்சாம்."

"யா அல்லாஹ்!" என்றார் ஹஜ்ரத். "மூஞ்சில தண்ணி தெளிச்சாங்களா?"

அவ்வளவுதான். சமையல்கட்டில் சர்வர் ஒருவர் மயங்கி விழுந்துவிட்டார் என்ற செய்தி மண்டபம் முழுக்கப் பரவியது. பரிமாற நின்றவர்கள் ஒருவரையொருவர் எண்ணிப் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் விசிறி தேடினார். ஒரு பெரியவர் கோலி சோடாவோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மளிகை அறைக்குள் நுழைந்தார். வேர்த்து விறுவிறுத்துப்போய், சட்டை முதுகில் ஒட்டி, வெங்காய மூட்டையில் சாய்ந்திருந்த பட்டிமன்றத்தைப் பார்த்தார். ஆள் இவர்தான் என்று முடிவுசெய்து, "குடிங்க தம்பி. காலைல சாப்பிடாம வேலை பாத்தா இப்பிடித்தான்" என்று சோடாவை வாயில் வைத்தார். அண்ணன் எதிர்வாதம் செய்யாமல் குடித்தார்.

குடித்து முடித்ததும் உதடு அசைய ஆரம்பித்தது. நான் பயந்தது அதற்குத்தான். தலை ஒரு பக்கம் சாய்ந்தது. "பழகுன ஆள நடுவுல விடக் கூடாதுல்ல... கொஞ்ச நேரம் பொறுத்தா தானாச் சரியாயிரும்..." தலை மறுபக்கம் போனது. சௌராஷ்டிரம். மறுபடியும் தமிழ்.

வேறு வழி தெரியாமல், கையிலிருந்த செல்போனை அவர் காதில் வைத்தேன்.

எதிர்முனையில் பேசியது எனக்கும் கேட்டது. கோபமாகக் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. "தம்பி, பதறாதீங்க. நான் இங்கனதான் உக்காந்திருக்கேன். எங்க மொதலாளிகிட்ட பெர்மிசன் வாங்கிருக்கேன். மெதுவாப் பாருங்க. எம் புள்ள தலைல முக்காடு போட்டுக்கிட்டு உக்காந்திருக்கத ஒரே ஒருவாட்டி பாத்துட்டன்னா போதும். நீங்க எதும் சங்கடப்படாதீங்க."

பட்டிமன்றம் அண்ணனின் தலை நேராக நின்றது. இரண்டு மொழியும் நின்றன.

"ஒரு நிமிசம் பாய்" என்றார். "வச்சிராதீங்க."

அப்பாச்சியை நிறுத்தச் சொல்லி ஆணையை அடித்தார். அங்கே நெருக்கடி அப்படி. ஓர் எழுத்தை அடித்தால், அது திரையில் வந்து சேருவதற்குள் அடுத்த எழுத்தை மறந்துவிடலாம். எழுத்தெழுத்தாக வந்தது. ஒரு வழியாக, இலைக்கு இலை நின்ற அப்பாச்சியின் ஆட்கள் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, லைட்டியைக் கூப்பிட்டார். ஷெனாயைத் தூக்கினார். நட்சத்திரங்களைத் தூக்கினார். வாழ்த்து எழுதும் பகுதியையும் தூக்கினார். வெறும் படங்கள் மட்டும் ஒன்றின்கீழ் ஒன்றாக நிற்கும்படி பக்கத்தை மொட்டையாக்கினார். இதில் எதற்கும் அவர் யாரிடமும், தன்னிடம்கூட, அபிப்பிராயம் கேட்கவில்லை.

"இப்பப் பாருங்க பாய்."

வெளியே பாத்திரம் உருளும் ஓசை மட்டும் கேட்டது.

"தெரியுது தம்பி" என்றார் அவர். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "மருதாணி நல்லா செவந்திருக்கு" என்றார்.

அண்ணன் என்னைப் பார்த்துக் கேமராவைச் சுட்டிக் காட்டினார். நான் பெண்கள் பகுதிக்கு ஓடினேன். ரிஸ்வானா முக்காட்டுக்குள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து நான் எடுத்த படங்களிலெல்லாம் அவள் நெற்றிதான் இருந்தது. கல்யாணப் பெண் நிமிரக்கூடாது என்று சுற்றியிருந்தவர்கள் காவல் இருந்தார்கள்.

"அத்தா பாத்துக்கிட்டு இருக்காரா அக்கா?" என்று கேட்டாள்.

"இப்ப, இந்த நிமிசம் பாத்துக்கிட்டு இருக்காரு."

அவள் முக்காட்டைச் சற்றே விலக்கி, நேராக நிமிர்ந்து கேமராவைப் பார்த்தாள். "தலையக் குனிடி" என்று யாரோ அதட்டினார்கள். அவள் கேட்கவில்லை. மேடையில் பாய் தகப்பன் ஸ்தானத்தில் நின்று சம்மதம் சொல்லும் நேரத்தில், அவள் அத்தாவைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் படம் போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்கப்புறம் குவைத்து, தம்மாம், சிங்கப்பூர் என்று எல்லா இலைக்கும் லைட்டி ஓடி ஓடி ஊற்றினான்.

விருந்தில் முதலாளி அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். "ஒரு நிமிசத்துல முடிவு எடுக்கத் தெரிஞ்ச ஆளு, ஒரு வாரம் என் உசுர வாங்குனயேய்யா?"

பட்டிமன்றம் பிரியாணியைப் பிசைந்தபடி யோசித்தார். "அந்த ஒரு வாரம் ரெண்டு பேரையும் ஓடவிட்டுப் பாத்ததுனாலதான் சார், ரெண்டாவது ஆளு இடுப்புல துண்டக் கட்டிக்கிட்டு ரெடியா நின்னான். ஒருத்தனே போதும்னு மொத நாளே முடிச்சிருந்தா, இன்னைக்கி யாரக் கூப்ட்டிருப்பேன்?"

முதலாளி தன் இலையிலிருந்த கறித்துண்டு ஒன்றை எடுத்து அண்ணன் இலையில் வைத்தார். எங்கள் கம்பெனியில் கொடுக்கப்பட்ட ஒரே விருது அதுதான்.

அண்ணன் அத்தோடு திருந்திவிட்டார் என்று நினைத்தால் தவறு. திங்கட்கிழமை காலையில் நான் உள்ளே நுழைந்தபோதே வாதம் நடந்துகொண்டிருந்தது. மண்டபத்தில் தான் செய்தது சரியா, அவசரமா என்பது தலைப்பு.

மறுவருடம் ரிஸ்வானாவின் அத்தா லீவில் வந்தார். ஒரு பொட்டலம் பேரீச்சம்பழத்தோடு எங்கள் மாடியேறி, "அன்னிக்கிப் போன்ல பேசுன தம்பி யாரு?" என்று கேட்டார். அண்ணன் மூத்திரம் வருகிறது என்று சொல்லிப் பின்பக்கம் போகப் பார்த்தார். நான் வழியை மறித்துக்கொண்டேன். அவர் நெருங்கி வந்து அண்ணனின் இரண்டு கைகளையும் பிடித்தார். பிடித்த கைகளை விடவே இல்லை.

"லேட்டாயிருச்சு பாய், மன்னிச்சுக்கங்க" என்றார் அண்ணன்.

"எனக்கு எங்கயும் லேட்டாகல தம்பி" என்றார் அவர்.

அவர் போனபிறகும் அண்ணன் ரொம்ப நேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் கம்பெனிகள் பெருகின. எங்கள் முதலாளி ஊருக்குப் போய்க் கோழிப்பண்ணை வைத்தார். அண்ணனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. போவதா வேண்டாமா என்ற வாதத்தை நான் இங்கே எழுத ஆரம்பித்தால் இந்த இதழ் முழுக்கப் போதாது. நல்லவேளையாக, இடையில் அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. வந்த அண்ணி பெட்டியைக் கட்டி, டிக்கெட்டையும் எடுத்து, வண்டியேற்றிக் கூட்டிப் போய்விட்டார். அந்தப் பெரிய கம்பெனியில் அண்ணனுக்கு என்ன வேலை தெரியுமா? இதை வாங்கலாமா, அதை வாங்கலாமா என்று இரண்டு மென்பொருளைச் சோதித்துப் பார்த்து, இரண்டு பக்கத்தையும் எழுதிக் கொடுப்பது. மாதக்கணக்கில் அவகாசம் தருகிறார்களாம்.

நானும் அதற்குப்பின் எத்தனையோ அலுவலகம் பார்த்துவிட்டேன். சொடக்குப் போடும் நேரத்தில் முடிவெடுப்பவர்கள் கீழேதான் இதுவரை வேலை செய்திருக்கிறேன். கெட்டிக்காரர்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பட்டிமன்றம் அண்ணன் மதுரைக்கு வருகிறார் என்று தெரிந்தால், அன்றைக்கு மட்டும் முழுநாள் விடுப்புப் போட்டுவிடுவேன். அவரோடு ஒரு காபி குடிக்க அவ்வளவு நேரமாவது வேண்டும். போதவும் மாட்டேன் என்கிறது.